கமாண்ட் லைன்: கட்டளையா, கற்பனையா, ஏவலா?

சுட்டியைத் தொடாமல், பொத்தான் எதையும் அழுத்தாமல், கணினிக்கு வேலையை எழுத்திலேயே சொல்லும் இடத்துக்கு கமாண்ட் லைன் என்று பெயர். ஒரு வரி தட்டச்சு செய்து என்டர் தட்டினால் வேலை நடக்கும். விடையும் எழுத்தாகவே திரும்பி வரும். புரோகிராமர்களும் சிஸ்டம் அட்மின்களும் மட்டும் புழங்கிய இந்தச் சொல், நாம் சொன்ன வேலையைப் படிப்படியாகத் தாமே செய்துமுடிக்கும் செயற்கை நுண்ணறிவு நிரல்களான ஏஐ ஏஜென்ட்கள் வந்த பிறகு மற்றவர்கள் வாயிலும் அடிபடுகிறது. குமரி மாவட்டக் குழித்துறையில் ரயிலேறித் திருவனந்தபுரம் டெக்னோபார்க் வேலைக்குப் போகிற நம் பிள்ளைகள், "டைம்ஷீட்டை இப்ப ஏஜென்ட்தான் பாக்குது, கமாண்ட் லைன்ல கோத்து விட்டாச்சு" என்று பேசிக்கொள்கிறார்கள். என்ன கோத்தார்கள், எதோடு கோத்தார்கள், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று பார்ப்போம்.

முதலில் சொல்லின் பிறப்பு. 'கமாண்ட்' லத்தீனிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. அதன் வேர் 'மந்தாரே'. 'மானுஸ்' என்றால் கை, 'தாரே' என்றால் கொடுத்தல். இரண்டும் சேர்ந்து கையில் ஒப்படைத்தல் என்ற பொருள் வந்ததாகச் சொல்வார்கள். அதிகாரம் செய்வது என்ற பொருள் பின்னால் ஏறியது. 'லைன்' வந்தது காகிதத்திலிருந்து. திரை வராத காலத்தில் கணினியோடு நேரடியாகப் பேச டெலிடைப் என்ற தட்டச்சு எந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். நீங்கள் ஒரு வரி அடிப்பீர்கள், அதே காகிதச் சுருளில் கணினி பதில் வரியை அடித்துத் தரும். அந்த எந்திரத்தின் பெயர்ச் சுருக்கமான 'டிடிஒய்' இன்றும் லினக்ஸ் என்ற இயங்குதளத்தில் உயிரோடு இருக்கிறது. வரியைப் படித்து வேலையை நடத்திவைக்கும் நிரலுக்கு 'ஷெல்' என்று பெயர் வைத்தவர் லூயி பூசன் என்ற பிரெஞ்சுக்காரர், 1960களில். லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் முதல் ஷெல் 1971இல் வந்தது, போர்ன் ஷெல் 1979இல், இன்று பலரும் பயன்படுத்தும் பாஷ் 1989இல்.

இத்தனை பழைய பொருளை ஏஐ ஏஜென்ட் ஏன் தேடி வருகிறது? ஏஜென்ட்டின் மூளையாக இருக்கும் மொழி மாதிரிக்குத் தெரிந்த வேலை எழுத்தை வாங்கி எழுத்தைத் தருவது. படமும் பொத்தானும் கண்ணுக்காகச் செய்தவை. கமாண்ட் லைனில் போவதும் எழுத்து, வருவதும் எழுத்து. மாதிரி ஒரு கட்டளையை எழுதுகிறது. அதைச் சுற்றியிருக்கும் ஏஜென்ட் நிரல் அந்தக் கட்டளையை ஷெல்லில் ஓட்டுகிறது. கிடைத்த விடையை மாதிரியிடமே திருப்பிக் கொடுக்கிறது. அதைப் படித்து அது அடுத்த கட்டளையை எழுதுகிறது. கோத்து விடுவது என்று பிள்ளைகள் சொல்வது இந்தச் சுற்றைத்தான்.

எந்த வேலைக்கு எவ்வளவு நேரம் போனது என்று குறித்துவைக்கும் நேரப்பதிவு மென்பொருளை வைத்தே பார்க்கலாம். டைம்வாரியர் என்று ஒன்று இருக்கிறது. இலவசம், திறந்த மூலம், முழுக்க கமாண்ட் லைனில் ஓடுவது. 'டைம்யூ ஸ்டார்ட்' (timew start) என்று அடித்து வேலையின் பெயரைச் சேர்த்தால் கடிகாரம் ஓடத் தொடங்கும். 'டைம்யூ ஸ்டாப்' நிறுத்தும். 'டைம்யூ சம்மரி' கணக்கைக் காட்டும். 'டைம்யூ எக்ஸ்போர்ட்' அதே கணக்கை ஜேசன் வடிவில், நிரல்கள் படிக்க வசதியாகக் கொட்டும். "இந்த வாரம் டெஸ்டிங்குக்கு எவ்வளவு நேரம் போச்சு?" என்று கேட்டால், ஏஜென்ட் எக்ஸ்போர்ட் கட்டளையை ஓட்டி, கூட்டிச் சொல்கிறது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. எக்ஸ்போர்ட் தரும் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். காலை 9 மணிக்குத் தொடங்கிய வேலை 03:30 என்று வரும். விடியற்காலை 5 மணிக்கு உட்கார்ந்து செய்த வேலை முந்தின நாள் தேதியில் போய் விழும். இதை ஏஜென்ட்டுக்கு முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அப்புறம், இணையத்தில் இருக்கும் நேரப்பதிவு சேவை என்றால் அதற்குக் கடவுச்சொல் போன்ற ஒரு ரகசியச் சாவி தேவைப்படும். அந்தச் சாவியைக் கட்டளைக்குள்ளேயே எழுதக் கூடாது, ஷெல் தன் வரலாற்றுக் கோப்பில் அதைச் சேமித்துவிடக்கூடும். முதலில், பதிவைப் படிக்க மட்டும் செய்யும் கட்டளைகளுக்கே ஏஜென்ட்டுக்கு அனுமதி கொடுங்கள். திருத்துவதும் அழிப்பதும் உங்களைக் கேட்டுத்தான் நடக்க வேண்டும்.

சரி, தமிழுக்கு வருவோம்.

சிலர் 'ஆணைவரி' என்று எழுதுகிறார்கள். தவறில்லை. ஆனால் அரசாணை, நீதிமன்ற ஆணை, 'உன்மேல் ஆணை' என்று அதிகாரமும் சத்தியமும் அந்தச் சொல்லில் ஏறிவிட்டன. ஒரு பட்டியலைக் காட்டு என்று கேட்பதற்கு அது கனமான சொல்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இன்னொரு சொல்லும் நினைவுக்கு வரும்: கற்பனை. 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடும் கல்குளமும் திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தவை. மலையாளத்தில் கல்பிப்பது என்றால் உத்தரவிடுவது, ராஜகல்பன என்றால் அரசனின் உத்தரவு. அந்தப் பொருள் தமிழுக்கும் அந்நியமில்லை. 'கற்பனைகளைக் கைக்கொள்ளுங்கள்' என்று பழைய தமிழ் வேதாகமத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பத்துக் கற்பனை என்பது பத்து உத்தரவுகள்தான். எனக்கு மிகவும் பிடித்த சொல் இது. என்றாலும் இந்த இடத்துக்கு ஆகாது. இன்றைய தமிழில் கற்பனை என்றால் இல்லாததைப் புனைவது. மொழி மாதிரிகளிடம் நாம் பயப்படுவதே அதைத்தான். பதிவேட்டோடு இணைக்காமல் "நேற்று எத்தனை மணி நேரம் வேலை செய்தேன்?" என்று கேட்டால், கேட்க நியாயமாகத் தோன்றும் ஒரு எண்ணை அது புனைந்து சொல்லக்கூடும். கமாண்ட் லைனில் கோப்பதே அந்தப் புனைவுக்குத் தடைபோடத்தானே.

'கட்டளை' இங்கேதான் பொருந்துகிறது. உத்தரவு என்பது அதன் பல பொருள்களில் ஒன்று. அளவு, அச்சு, உரைகல் என்று இன்னும் இருக்கின்றன. பொன்னை உரசிப் பார்க்கும் கல் கட்டளைக்கல். "பெருமைக்கும் ஏனைச் சிறுமைக்கும் தத்தம் கருமமே கட்டளைக் கல்" என்பது 505ஆம் குறள். அவரவர் செய்த வேலையே அவரவரை உரசிப் பார்க்கும் கல் என்கிறார் வள்ளுவர். நேரப்பதிவு பற்றிப் பேசும்போது இந்தக் குறளை எப்படி விட முடியும்? யாப்பிலும் ஒரு கட்டளை உண்டு. கட்டளைக் கலித்துறையில் ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்கு 16 எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்கு 17. ஒன்று கூடினாலும் குறைந்தாலும் அது கட்டளை இல்லை. கணினியிலும் இதே கண்டிப்புத்தான். ஓர் எழுத்து பிசகினால் பெரும்பாலும் வரி ஓடாது, பிழைச் செய்தி வரும். கோயிலில் ஒரு குறிப்பிட்ட பூசைக்கென்று எழுதிவைக்கும் அறத்துக்கும் கட்டளை என்றுதான் பெயர். இன்ன வேளையில் இன்னது நடக்கட்டும் என்று ஒருவர் கையில் ஒப்படைப்பது. லத்தீன் வேரின் பொருள் இங்கே தானாகவே வந்து நிற்கிறது.

ஆகவே கமாண்ட் லைன் என்பதற்குக் கட்டளைவரி என்றே எழுதலாம். 'வரி' என்றதும் வீட்டு வரி நினைவுக்கு வருகிறதே என்று சிலர் தயங்குகிறார்கள். முன்னால் கட்டளை நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது.

அப்படியானால் ஏவல்? அதற்கும் இடம் உண்டு. கட்டளைவரியில் நிரலின் பெயரை அடுத்து நாம் எழுதும் சொல் பல நேரம் ஒரு வினை: தொடங்கு, நிறுத்து, காட்டு. இலக்கணத்தில் இது ஏவல் வினை. ஆங்கிலத்தைப் போலவே தமிழிலும் முன்னிலை ஒருமை ஏவலுக்கு விகுதி வேண்டாம், வினையின் வேரே போதும். "நட வா மடி சீ விடு கூ" என்று 23 ஈறுகளில் வினைப் பகாப்பதங்களை அடுக்கிக் காட்டும் நன்னூல், அவற்றைச் செய் என்னும் ஏவலாகத்தான் காட்டுகிறது. தமிழிலேயே கட்டளைவரி நிரல் எழுத யாராவது முனைந்தால், வினைச்சொற்கள் நறுக்கென்று வந்து உட்காரும். பில்லி, சூனியத்தோடு சேர்த்துச் சொல்லும் ஏவலை நினைத்து இந்தச் சொல்லை ஒதுக்க வேண்டியதில்லை. ஏவுகணையை யாரும் ஒதுக்கவில்லையே.

ஏஜென்ட்டுக்கு முகவர் என்ற சொல் காப்பீட்டிலும் தேர்தல் சாவடியிலும் நிலைத்துவிட்டது, இங்கேயும் அதையே வைத்துக்கொள்ளலாம். டைம் டிராக்கிங்கை நேரக் கண்காணிப்பு என்பதைவிட நேரப்பதிவு என்பது நல்லது. தன் வேலையைத் தானே குறித்துவைப்பவருக்கு மேலே கண்காணி எதற்கு?

எழுதும்போது இப்படி: "முகவரைக் கட்டளைவரி வழியாக நேரப்பதிவு மென்பொருளோடு இணைத்திருக்கிறேன்." "இந்த ஏவலைக் கட்டளைவரியில் இட்டால் வாரக் கணக்கு வரும்." "நீக்கும் கட்டளைகளை என்னைக் கேட்காமல் ஓட்டாதே."