கையால் கட்டிய காடிக்கு கிராண்ட் கிடைக்குமா?

கோலாலம்பூரில் எந்தப் போமனிடமாவது (மெக்கானிக்) போய், "அண்ணே, ஒரு காடியை நானே கட்டலாம்னு இருக்கேன்" என்று சொல்லிப் பாருங்கள். என்ன இன்ஜின், எவ்வளவு வேகம் என்றெல்லாம் கேட்கமாட்டார். "கிராண்ட் கிடைக்குமா தம்பி?" என்பதுதான் முதல் கேள்வியாக இருக்கும். காரின் பதிவுச் சான்றிதழைத்தான் கிராண்ட் என்கிறார். நியாயமான கேள்விதான். ஆனால் பலரும் இதைப் படிவம் நிரப்பி முத்திரை வாங்கும் விவகாரமாக மட்டுமே பார்க்கிறார்கள். காடி சாலைக்கு ஏற்றதா என்று பார்க்கும் சோதனை விதிகளைக் கொஞ்சம் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது பெரும்பாலும் இயற்பியல்.

இப்படி நாமே கட்டும் காடியைக் கிட் கார் என்பார்கள். அதில் காடியைத் தாங்கும் சட்டமும் (சேசிஸ்) மேற்கூடும் புதிது. இன்ஜின், கியர்பாக்ஸ், பிரேக், ஸ்டீரிங் எல்லாம் ஒரு பழைய காடியிலிருந்து கழற்றியவை. 1957ல் இங்கிலாந்தில் வந்த லோட்டஸ் செவன்தான் இந்த வகைக்குப் பாட்டன். முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி, பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டிக்கொண்டால் வரி இல்லை என்பதால் அங்கே நன்றாக விற்றது. 1973ல் வாட் வரி வந்ததும் அந்தச் சலுகை போயிற்று. செவனைக் கட்டும் உரிமையும் அதே ஆண்டு கேட்டர்ஹாம் நிறுவனத்துக்குக் கைமாறியது. அந்த கேட்டர்ஹாமை 2011ல் வாங்கியவர் ஏர்ஏசியா புகழ் நம் டோனி பெர்னாண்டஸ். கெப்போங்கில் இன்றும் கையாலேயே கார் கட்டும் புஃபோரிகூட 1986ல் சிட்னியில் தொடங்கிய நிறுவனம்தான்.

சரி, இதில் சிக்கல் எங்கே வருகிறது? எடையில். பாகம் கொடுத்த பழைய காடி 1,100 கிலோ இருந்திருக்கும். இரும்புக் குழாயில் சட்டம் பற்றவைத்து, கதவும் கூரையும் இல்லாமல் கட்டிய புதிய காடி 550 கிலோவில் நின்றுவிடும். பாதி எடை என்றால் பறக்கும், உண்மை. ஆனால் அந்தப் பாகங்கள் எல்லாம் 1,100 கிலோவை மனதில் வைத்துச் செய்யப்பட்டவை.

முதலில் காட்டிக்கொடுப்பது ஸ்டீரிங். வளைவில் திருப்பிவிட்டுப் பிடியைத் தளர்த்தினால் எந்தக் காடியின் ஸ்டீரிங்கும் தானே நேராக வரவேண்டும். தனியாள் கட்டிய கார்களுக்கு பிரிட்டனில் நடக்கும் ஐவிஏ சோதனையில் இதையும் பார்க்கிறார்கள். கிட் கார்கள் அடிக்கடி தடுக்கி விழும் இடமும் இதுதான். பேரங்காடித் தள்ளுவண்டியின் முன்சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள்: சக்கரம் தரையைத் தொடும் இடம், அது இடம்வலமாகத் திரும்பும் அச்சுக்குப் பின்னால் இருக்கும். அதனால் வண்டி போகும் திசைக்கே சக்கரம் தானாகத் திரும்பிக்கொள்ளும். காடியில் அந்த அச்சைக் கொஞ்சம் பின்பக்கம் சாய்த்து வைத்து இதையே செய்கிறார்கள். அந்தச் சாய்வுதான் கேஸ்டர்.

கணக்கு போட்டுப் பார்ப்போம். சக்கரத்தின் ஆரம் 28 செ.மீ., கேஸ்டர் 3 டிகிரி என்றால், அச்சு தரையைத் தொடும் புள்ளி டயர் தொடும் இடத்துக்குச் சுமார் 15 மி.மீ. முன்னால் விழும். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் போகிறோம். பழைய காடியின் முன்சக்கரங்கள் 660 கிலோ சுமந்தன. அவற்றில் பக்கவாட்டு விசை ஏறக்குறைய 2,040 நியூட்டன். அதை 15 மி.மீ.யால் பெருக்கினால், நேராக்கும் முறுக்கு 30 நியூட்டன் மீட்டர். புதிய காடியில் முன்சுமை 275 கிலோதான். விசை 850 நியூட்டனாகவும் முறுக்கு 13க்கும் கீழாகவும் இறங்கிவிடும். (டயர் வளைந்து தன் பங்குக்குத் தரும் முறுக்கை இங்கே விட்டுவிட்டேன்.)

முறுக்கு இப்படிக் குறைந்தாலும், அதை எதிர்க்கும் உராய்வு அதே விகிதத்தில் குறைவதில்லை. ஸ்டீரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் பாகங்கள் மாறவில்லையே: அதே ரேக், அதே பால் ஜாயிண்ட், அதே புஷ். பவர் ஸ்டீரிங் ரேக்கைப் பம்பு இல்லாமல் பூட்டியிருந்தால் உராய்வு இன்னும் கூடும். மீதமிருக்கும் முறுக்கை உராய்வே தின்றுவிட, ஸ்டீரிங் திருப்பிய இடத்திலேயே நிற்கும்.

வைத்தியம் என்ன? சக்கரத்தை மேலே பிடித்திருக்கும் ஆம்மைப் பின்னால் தள்ளி கேஸ்டரை 7 டிகிரி ஆக்கினால் 15 மி.மீ. என்பது 34 ஆகிறது. 850ஐ அதால் பெருக்குங்கள்: 29 நியூட்டன் மீட்டர். பழைய காடிக்கு இருந்த அளவு கிட்டத்தட்ட அப்படியே திரும்பி வந்துவிடுகிறது! அலைன்மெண்ட் கடையில் இடைவெளி நிரப்பும் சில மெல்லிய ஷிம் தகடுகளை இடம் மாற்றும் வேலை, அவ்வளவுதான். சட்டம் கட்டும்போதே அதற்கு இடம் விட்டிருந்தால்.

பிரேக் கதை வேறு மாதிரி. பிரேக் பிடித்தால் எடை முன்னால் சாயும் என்பது தெரிந்ததே. பலமாகப் பிரேக் பிடிக்கும்போது, அதாவது ஈர்ப்பு முடுக்கத்தில் 80 விழுக்காடு வேகத்தணிப்பில், முன்கனமான பழைய காடியில் முன்சக்கரங்களுக்கு மொத்த எடையில் 78 விழுக்காடு போகும். தாழ்வான, முன்னும் பின்னும் சமமான நம் காடியில் 66தான். சாயங்காலம் கொட்டும் கோலாலம்பூர் மழையில் பிடிமானம் பாதியானால் 58 ஆகிவிடும். அதாவது பழைய பிரேக்கை அப்படியே பூட்டினால் முன்சக்கரம் சீக்கிரம் இறுகும், அதாவது சுழலாமல் நின்றுவிடும். பின்பிரேக் சும்மா இருக்கிறதே என்று சிலர் அதைப் பெரிதாக்கப் பார்ப்பார்கள். வேண்டாம். இறுகிய சக்கரத்துக்குப் பக்கவாட்டுப் பிடி போய்விடும். முன்சக்கரம் இறுகினால் காடி நேராகச் சறுக்கும். பின்சக்கரம் இறுகினால் பின்பாகம் முந்திக்கொண்டு வந்து காடி சுழலும். முன்சக்கரம்தான் முதலில் இறுகவேண்டும் என்று சோதனை விதிகள் பிடிவாதமாக இருப்பது இதனால்தான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 100 மி.மீ. விட்டமுள்ள உருண்டை தொடக்கூடிய வெளிப்பக்க விளிம்புகள் 2.5 மி.மீ. ஆரமாவது மழுங்கியிருக்கவேண்டும். இது காடியில் அடிபடும் பாதசாரியின் தோலுக்காக. மணிக்கு 48.3 கி.மீ. வேகத்தில் சுவரில் மோதினாலும் ஸ்டீரிங் தண்டு 12.7 செ.மீ.க்கு மேல் ஓட்டுநரை நோக்கி வரக்கூடாது. இவை ஐநா வாகன விதிகள். அவற்றுக்கான ஒப்பந்தத்தில் மலேசியா 2006ல் சேர்ந்தது.

இங்கேதான் போமன் கேட்ட கேள்விக்கு வருகிறோம். 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, பதியாத வாகனத்தைச் சாலையில் ஓட்ட முடியாது. நம் நாட்டின் வகை அங்கீகார முறை, ஒரே மாதிரியை வரிசையாகச் செய்யும் தயாரிப்பாளர்களை மனதில் வைத்து அமைந்தது. ஒற்றைக் காடி கட்டுபவர் அதற்குள் நுழைவது சிரமம். பழைய காடியின் சேசிஸ் எண்ணை வெட்டியெடுத்துப் புதுச் சட்டத்தில் பற்றவைக்கலாமே என்று யாராவது யோசனை சொன்னால் காதில் வாங்காதீர்கள். அது குற்றம். இரண்டு காடிகளை வெட்டி ஒட்டும் 'கெரெத்தா பொத்தோங்' ஆட்கள் இருப்பதால், அந்த எண்ணைப் புஸ்பாகோம் வாகனச் சோதனை நிலையத்தில் உற்றுப் பார்ப்பார்கள். ஹாஃப் கட்டில் (வெளிநாட்டிலிருந்து வெட்டிக் கொண்டுவந்த பழைய காடியின் பாதி) இன்ஜின் வாங்கினால் இறக்குமதிக் கடிதங்களையும் ரசீதையும் கையோடு வாங்கிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், குழாய் வாங்குவதற்கு முன்பே வரைபடத்தோடு சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் வாகனப் பொறியியல் பிரிவுக்குப் போய்வருவது நல்லது. அவர்கள் முடியாது என்று சொன்னால் செலவு வரைபடத்தோடு நின்றுவிடும். முடியும் என்றால் என்னென்ன சோதனை என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்டு, அப்புறம் கேஸ்டர் கோணத்தைத் தீர்மானிக்கலாம்.