வாடை அடங்கிவிட்டால் குழியில் இறங்காதீர்கள்

ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை எந்தத் தோல் ஆலைக்குள் நுழைந்தாலும் அழுகிய முட்டை வாடை வரவேற்கும். பழகியவர்கள் கண்டுகொள்வதில்லை. தோல் வேதியியலராக எனக்குக் கவலை தருவது அந்தப் பழக்கம்தான்.

முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு போடுகிறோம். முடியிலுள்ள கெரட்டின் என்ற புரத இழைகளைக் கந்தக அணுக்கள் இரண்டிரண்டாக, சகப்பிணைப்பால் இணைத்து வைத்திருக்கின்றன. சல்பைடு அறுப்பது அந்த இணைப்பைத்தான். தோலின் புரதமான கொலாஜன், கயிறுபோல மூன்று இழைகள் முறுக்கிய அமைப்பு; அதில் அந்தக் கந்தக இணைப்பு இல்லை. ஆகவே அதே டிரம்மில் முடி கூழாகிறது, தோல் தப்பிக்கிறது. பள்ளிக்கூடத்தில் இதை இப்படிச் சொல்லித் தந்திருந்தால் வேதியியலுக்கு இத்தனை பேர் பயந்திருக்க மாட்டார்கள்.

வில்லங்கம் கழிவுநீரில் இருக்கிறது. சல்பைடு, காரமான சுண்ணாம்பு நீரில் அயனியாகக் கரைந்து கிடக்கும். தோலை அமிலமும் உப்பும் கலந்த நீரில் ஊறவைக்கும் பிக்கிள், குரோம் உப்பால் பதனிடும் வேலை ஆகியவற்றின் கழிவுநீரோ அமிலம். இரண்டும் ஒரே தொட்டியில் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும்; அந்த அழுகிய முட்டை வாடை இதனுடையதுதான். வடிவத்தில் இது தண்ணீரின் உடன்பிறப்பு: நடுவில் ஓர் அணு, இருபுறமும் ஹைட்ரஜன், வளைந்த அமைப்பு. ஆனால் நீர் மூலக்கூறுகளுக்கிடையே உள்ள வலுவான ஹைட்ரஜன் பிணைப்பு இதில் இல்லை. நீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. இது மைனஸ் 60 டிகிரியிலேயே வாயுவாகிவிடும். வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம். மூலக்கூறு எடை 34, காற்றுக்குச் சராசரியாக 29. அதனால் கழிவுநீர்க் குழியின் அடியில் தங்கும். அடியில் படிந்த சேற்றைக் கிளறினாலும் பொங்கி வரும்.

காற்றில் பத்து லட்சத்துக்கு 100 பங்கு இருந்தாலே சில நிமிடங்களில் மூக்கு மரத்துவிடும். ‘வாடை அடங்கிவிட்டது, இறங்கலாம்’ என்று மேஸ்திரி சொல்லும் வேளைதான் மோசமான வேளை. 1,000 பங்கை நெருங்கினால் ஓரிரு மூச்சில் ஆள் சாய்ந்துவிடுவார்.

மெழுகுவத்தியை இறக்கிப் பார்ப்பது வீண். சுடர் எரியப் பிராணவாயு போதும்; ஆளைக் கொல்லும் அளவு இந்த வாயு இருந்தாலும் அது அணையாது. வாயு இன்னும் அதிகமாக இருந்தால் தீப்பிடித்துவிடும், அது வேறு. முகத்தில் கட்டும் ஈரத் துணியும் இத்தனை சிறிய மூலக்கூறைத் தடுக்காது.

சல்பைடு நீரும் அமில நீரும் தனித்தனிக் கால்வாயில் போகட்டும். இறங்கும் முன் வாயு அளக்கும் கருவியைக் கயிற்றில் கட்டி அடிவரை விடுங்கள். இறங்குபவருக்குக் காற்றுக் குழாயுடன் கூடிய முகமூடியும் இடுப்பு வாரும் கட்டாயம். வாரின் மறுமுனை மேலே நிற்பவர் கையில் இருக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால் பின்னால் குதிக்காதீர்கள். வாரைப் பிடித்து மேலே இழுங்கள்.