திரையில் வரும் சிவப்புக் கோடுகளை நம்பி ரெக்கார்டு பட்டனை அழுத்தாதீர்கள்

குன்னூரில் என்னிடம் ‘ரிப்பேர்’ என்று வருகிற சின்ன டிஜிட்டல் கேமராக்களில் நிறைய ரிப்பேரே இல்லாதவை. வீடியோ நடுவில் மங்குகிறது, தெளிகிறது, மறுபடி மங்குகிறது, லென்ஸ் போய்விட்டது என்பார்கள். லென்ஸுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. தொட்டபெட்டாவிலோ லாம்ப்ஸ் ராக்கிலோ மேகம் உள்ளே புகுந்த நேரத்தில், கேமராவே கூர்மையைத் தேடிக்கொள்ளும் ஆட்டோஃபோகஸில் எடுத்திருப்பார்கள், அவ்வளவுதான்.

ஆட்டோஃபோகஸ் வேலை செய்ய வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் நடுவே ஒரு விளிம்பு வேண்டும். சின்னக் கேமராக்களில் பெரும்பாலானவை லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, எந்த இடத்தில் அந்த விளிம்பு நன்றாகப் பிரிகிறது என்று பார்த்து அங்கே நிற்கும். புதிய மாடல்களில் வேறு முறையும் சேர்த்திருக்கிறார்கள். அதற்கும் ஒப்பிட்டுப் பார்க்க ஏதாவது விளிம்பு இருந்தாக வேண்டும். பனிமூட்டத்தில் மரம், மலை, ஆள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். பிடி கிடைக்காமல் லென்ஸ் அலையும். போட்டோவில் அப்படி ஆனால் ஒரு படம்தான் போகும். வீடியோவிலோ அந்த அலைச்சலே பதிவாகிவிடுகிறது. அமைதியான இடமாக இருந்தால் மோட்டார் சத்தமும் கேமராவின் மைக்கில் சேர்ந்துகொள்ளும்.

அதனால் நாமே கையால் கூர்மையை வைக்கும் மேனுவல் ஃபோகஸுக்கு மாறுங்கள் என்று சொல்லி அனுப்புவேன். மாறியும்விடுவார்கள். அடுத்த சிக்கல் அப்புறம்தான் தொடங்கும்.

மேனுவலுக்குப் போனதும் பீக்கிங் என்று ஒன்று திரையில் வரும். கூர்மையான விளிம்புகளுக்கு மேல் சிவப்போ மஞ்சளோ வெள்ளையோ பூசிக் காட்டும். சிவப்பு வந்தால் ஃபோகஸ் சரி என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பீக்கிங் தூரத்தை அளப்பதில்லை. எங்கே வெளிச்சம் சட்டென்று மாறுகிறதோ அங்கே வண்ணம் தீட்டுகிறது, வேறொன்றும் அதற்குத் தெரியாது. ஆட்டோஃபோகஸ் எங்கே திணறுகிறதோ அதே பனிமூட்டத்தில் பீக்கிங்கும் திணறும். ஃபோகஸ் சரியாக இருந்தாலும் ஒரு துளி சிவப்பு வராது. வரவில்லையே என்று மெனுவில் அதன் அளவை ‘ஹை’ ஆக்கினால், குறைந்த வெளிச்சத்தில் படத்தில் மொய்க்கிற பொடிப் புள்ளிகள்கூட மினுக்க ஆரம்பிக்கும்.

வெயில் நாளில் நடப்பது இதற்கு நேர் எதிர். திருப்பூரில் இருந்து வந்த ஒரு தம்பி ஜூமை இழுத்துத் தன் அக்கா குழந்தையை எடுத்திருந்தார். “எல்லாமே சிவப்பாத்தான் இருந்துச்சுங்கண்ணா” என்றார். வீட்டு டிவியில் போட்டால் பின்னால் இருந்த கம்பி வேலி பளிச்சென்று இருக்கிறது, குழந்தையின் முகம் மெத்தென்று இருக்கிறது. அளவை ‘ஹை’யில் வைத்திருந்ததால் ஏறக்குறைய ஃபோகஸில் இருந்ததற்கெல்லாம் வண்ணம் ஏறியிருக்கிறது.

திரையும் சேர்ந்து ஏமாற்றும். 9,21,600 புள்ளிகள் என்று பெட்டியில் போட்டிருக்கும். அதில் ஒவ்வொரு பிக்ஸலுக்கும் மூன்று வண்ணப் புள்ளிகள். கணக்குப் போட்டால் 640க்கு 480, அதாவது சுமார் 3 லட்சம் பிக்ஸல்தான் மிஞ்சும். நீங்கள் எடுப்பது 4கே என்றால் ஒரு பிரேமில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் பிக்ஸல். இருபத்தேழில் ஒரு பங்கைப் பார்த்துவிட்டு முழுப் படமும் கூர்மை என்று எப்படி முடிவு செய்வது?

அதற்குத்தான் படத்தின் ஒரு பகுதியை மட்டும் திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் வசதி இருக்கிறது. என்னைக் கேட்டால் மேனுவல் ஃபோகஸில் நம்பத்தக்க துணை இது ஒன்றுதான். பெரிதாக்கி, கண் இமை, சட்டைக் காலர், போர்டில் இருக்கும் எழுத்து என்று ஏதாவது ஒன்றில் ஃபோகஸை வையுங்கள். ரெக்கார்டு ஓட ஆரம்பித்தபின் பல கேமராக்களில் பெரிதாக்க முடியாது. ஆகவே பட்டனை அழுத்துவதற்கு முன்பே இதை முடித்துவிட வேண்டும். எந்த ஜூமில் எடுக்கப் போகிறீர்களோ அதே ஜூமில் ஃபோகஸ் வையுங்கள். இந்தக் கேமராக்கள் பலவற்றில் ஜூமை மாற்றினால் ஃபோகஸும் கொஞ்சம் நகர்ந்துவிடும்.

பனிமூட்டத்தில் ஆளின் முகத்தில் விளிம்பு கிடைக்கவில்லையா, அதே தூரத்தில் நிற்கும் கறுப்புக் குடையையோ கைப்பிடிக் கம்பியையோ பிடியுங்கள். பீக்கிங்கை ‘லோ’வில் வைத்துத் துணைக்கு மட்டும் பாருங்கள். தேயிலைத் தோட்டத்தில் சிவப்பு நன்றாக எடுபடும். மேகம் இறங்கிய நேரத்தில் வெள்ளையை வைத்தால் எதுவும் தெரியாது.

பள்ளத்தாக்கை எடுக்கும்போது இன்னொரு பழக்கத்தையும் பார்க்கிறேன். தூரத்து மலைதானே என்று ஃபோகஸ் அளவுகோலைக் கடைசி வரை தள்ளிவிடுவார்கள். பல லென்ஸ்கள் வெகு தூரத்தைக் குறிக்கும் முடிவிலிக் குறியைத் (∞) தாண்டியும் நகரும், அப்போது தூரத்து மலையும் மங்கிவிடும். டால்பின்ஸ் நோஸ் காட்சிமுனையில் நின்று கேத்தரின் அருவியை எடுத்தேன், தண்ணீர் பஞ்சு மாதிரி இருக்கிறது என்பார்கள். ஷட்டர் வேகத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைச் சரிபாருங்கள்.

மலை ரயிலுக்கு மட்டும் மேனுவலைவிடச் சுலபமான வழி இல்லை. கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே பல்சக்கரப் பாதையில், 12 அடிக்கு ஓர் அடி என்கிற ஏற்றத்தில், ரயில் மெதுவாகத்தான் வரும். வண்டி வரும்போது ஆட்டோஃபோகஸ் முன்னால் தொங்கும் கிளையைப் பிடித்துக்கொள்ளும். வண்டி வருவதற்கு முன்பே தண்டவாளத்தின் ஓரத்தில் ஒரு கல்லையோ கம்பத்தையோ குறித்து, பெரிதாக்கி ஃபோகஸ் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். சின்ன சென்சாரில் ஜூம் இழுக்காமல் எடுத்தால் அந்தக் கல்லுக்கு முன்னும் பின்னும் நிறைய தூரம் கூர்மையாகவே இருக்கும். சாலையிலோ ஸ்டேஷனிலோ நின்று எடுங்கள். இதற்காகத் தண்டவாளத்தில் இறங்கி நிற்பவர்களுக்கு நான் சொல்லிக்கொடுப்பதில்லை.

வினாடிக்கு 25 பிரேம் எடுத்தால், ஷட்டர் நேரத்தை 1/50 வினாடி என்று வைத்தால் போதும். நம் ஊர் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் கடை டியூப்லைட்டும் துடிக்காது.

பழைய மாடல்களில் வீடியோ 29 நிமிடத்தோடு தானாக நின்றுவிடும். அதுவும் ரிப்பேர் இல்லை. 30 நிமிடமும் அதற்கு மேலும் தொடர்ந்து பதிவு செய்தால் ஐரோப்பாவில் அதை வீடியோ கேமராவாகக் கணக்கிட்டுக் கூடுதல் வரி போட்டார்கள், அதற்குப் பயந்து கம்பெனிகள் வைத்த வரம்பு அது. இப்படி நின்றபின் கேமராவைக் கொஞ்ச நேரம் சும்மா வைத்தால் பேட்டரியை மிச்சம் பிடிக்க லென்ஸ் உள்ளே போய்விடும். திரும்ப வெளியே வரும்போது நீங்கள் வைத்த ஃபோகஸ் பல கேமராக்களில் இருக்காது. கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போகிறவர்கள் மெனுவில் அந்தத் தூங்கும் நேரத்தை நீட்டி வைத்துவிட்டு, கையில் இன்னொரு பேட்டரியும் வைத்துக்கொள்ளுங்கள்.