முதலில் சூடு, அப்புறம் பால்

லாப்ரடார் பத்துக் குட்டி போட்டிருக்கிறது. ஒன்பது குட்டிகள் 400 கிராமை ஒட்டி நிற்கின்றன. ஒன்று மட்டும் 200 கிராம். வீட்டில் எல்லோருடைய கண்ணும் அந்த நோஞ்சான் மேல்தான். ஒருவர் ஃப்ரிட்ஜிலிருந்து ஆவின் பாக்கெட்டை எடுத்துக் காய்ச்சப் போவார். இன்னொருவர் பழைய இங்க் ஃபில்லரைத் தேடுவார். பசியில்தான் கத்துகிறது என்று நினைப்பு. பல நேரம் அது கத்துவது குளிரில். குளிர்ந்துபோன குட்டியின் வாயில் பாலை விட்டால், நாமே அதன் உயிருக்கு உலை வைத்த மாதிரி ஆகிவிடும்.

சென்னையில் எங்கே குளிர் என்று கேட்கலாம். மார்கழி விடியற்காலையில்கூட 20 டிகிரிக்குக் கீழே அவ்வளவாக இறங்காத ஊர்தான். ஆனால் பிறந்த நாய்க்குட்டிக்கு முதல் வாரம் முழுக்கத் தன்னைச் சுற்றி 29 முதல் 32 டிகிரி வரை வெப்பம் வேண்டும். நாம் ஏசியை 24இல் வைத்துவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொள்கிறோம். கீழே மொசைக் தரையில் ஒரு சாக்கு, அதன்மேல் பிரசவத்தின் ஈரம் காயாத குட்டிகள், தலைக்கு மேலே முழு வேகத்தில் மின்விசிறி. 200 கிராம் உடம்புக்கு இது கடுங்குளிர்.

கணக்காகவே பார்க்கலாம். வெப்பத்தை உண்டாக்குவது உடம்பின் எடை. அதை வெளியே விடுவது தோலின் பரப்பு. உடல் சிறுத்தால் இரண்டும் ஒரே அளவில் குறைவதில்லை. 400 கிராம் குட்டியோடு ஒப்பிட்டால் 200 கிராம் குட்டியின் எடை சரிபாதி, ஆனால் தோல் பரப்பு ஏறக்குறைய 63 சதவீதம் இருக்கிறது. அதாவது ஒவ்வொரு கிராமுக்கும் கால் பங்குக்கு மேல் கூடுதலான தோல். டம்ளரில் இருக்கும் காபியை டபராவில் ஊற்றினால் ஏன் சீக்கிரம் ஆறுகிறதோ, அதே காரணம்தான்.

இதற்கு மேல் இன்னொரு சங்கடமும் உண்டு. குளிர்ந்தால் நாம் நடுங்குவோம். தசைகள் வெடவெடத்து வெப்பம் உண்டாகும். நாய்க்குட்டிக்கு முதல் ஒரு வாரத்துக்கு நடுக்கமே வராது. தோலடி ரத்தக் குழாய்களைச் சுருக்கிச் சூட்டை உள்ளே பிடித்து வைக்கவும் அதன் உடல் இன்னும் பழகவில்லை. தோலுக்கு அடியில் கொழுப்பும் இல்லை. அதனால் தாயின் வயிறு, கூடப் பிறந்ததுகளின் உடம்பு, நாம் வைக்கும் வெந்நீர் பாட்டில் என்று சூட்டை வெளியிலிருந்து கடன் வாங்கித்தான் வாழ்கிறது. வளர்ந்த நாயின் உடல் வெப்பம் 38-39 டிகிரி. முதல் வாரக் குட்டிக்கு 35 முதல் 37 வரைதான் இருக்கும், அது இயல்பு. அதற்குக் கீழே போகும்போதுதான் வினை.

உடல் வெப்பம் 34 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கியதும் குடலின் அசைவு நின்றுவிடுகிறது. காம்பைக் கவ்வி உறிஞ்சும் அனிச்சைச் செயலும் மங்கிப் போகிறது. இந்த நிலையில் ஃபில்லரில் பால் விட்டால் இரண்டில் ஒன்று நடக்கும். விழுங்கத் தெம்பில்லாமல் பால் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். இல்லையென்றால் வயிற்றுக்குள் போன பால் செரிக்காமல் அப்படியே நின்று, புளித்து, வயிறு உப்பும். பால் குடித்த ஒரு மணி நேரத்தில் குட்டி போய்விட்டது, பால்தான் சேரவில்லை என்பார்கள். பாலைக் குறை சொல்லிப் பயனில்லை. அது போய்ச் சேர்ந்த வயிறு வேலை செய்யாத வயிறு.

தாய் ஒதுக்கிவிட்டது என்று சொல்வதிலும் இந்தச் சூட்டுக் கணக்கு இருக்கிறது. சில்லென்று கிடக்கும் குட்டியைத் தாய்நாய் பெரும்பாலும் நக்காது, மூக்கால் ஓரமாகத் தள்ளிவிடும். தாய் ஒதுக்கியதால் குட்டி குளிர்ந்தது என்று நமக்குத் தோன்றும். பல வீடுகளில் நடப்பது நேர்மாறாக. சூடேற்றித் திரும்ப விட்டால் அதே தாய் நக்கிச் சேர்த்துக்கொள்வதும் உண்டு. இன்னொன்று: நாய்களைத் தாக்கும் ஹெர்ப்பிஸ் வைரஸ் 37 டிகிரிக்குச் சற்றுக் கீழான உடம்பில்தான் நன்றாகப் பெருகும். பிறந்த குட்டிகளை அது கொத்தாகக் கொல்வதற்கு அவற்றின் குறைந்த உடல் வெப்பமும் ஒரு காரணம். எனவே கதகதப்பு நோய்த் தடுப்பும்கூட.

சரி, எப்படிச் சூடேற்றுவது? மெதுவாக. சில்லிட்ட குட்டியை ஒன்று முதல் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டு பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். உடனடியாகச் செய்யக்கூடியது, துடைத்து உலர்த்திவிட்டு நம் சட்டைக்குள், மார்போடு ஒட்டி வைத்துக்கொள்வது. அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி. துணி சுற்றிய வெந்நீர் பாட்டிலைப் பெட்டியின் ஒரு பாதியில் மட்டும் வைக்க வேண்டும். மறுபாதி சூடில்லாமல் இருக்கட்டும். சூடு அதிகமானால் குட்டி ஊர்ந்து நகர்ந்துகொள்ள இடம் வேண்டுமே. துணி சுற்றாத பாட்டிலோ, ஹீட்டிங் பேடோ நேராக வயிற்றில் பட்டால் வெந்துவிடும், சட்டென்று விலகத் தெரியாது. குண்டு பல்பு தொங்கவிடுகிறவர்கள் வெப்பமானியைச் சுவரில் மாட்டாமல் குட்டி படுத்திருக்கும் மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். நின்றுகொண்டிருக்கும் நமக்குப் புழுங்கும், தரையில் கிடக்கும் குட்டிக்குக் குளிரும்.

வெப்பமானி இல்லாவிட்டாலும் குட்டிகள் படுத்திருக்கும் விதமே சொல்லிவிடும். ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குவியலாகக் கிடந்தால் குளிர். ஆளுக்கொரு மூலையாகப் போய் மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பக்கத்தில் பக்கத்தில், லேசாக ஒட்டியபடி நீட்டிப் படுத்திருந்தால் சரியாக இருக்கிறது. தூக்கத்தில் காலையும் காதோரத்தையும் அடிக்கடி வெட்டி வெட்டி இழுக்கும். வலிப்பு என்று பயப்பட வேண்டாம். நரம்பும் தசையும் தேறிவரும் குட்டி அப்படித்தான் தூங்கும். அசையாமல், சத்தமில்லாமல், கூட்டத்தை விட்டுத் தனியாகக் கிடக்கும் குட்டிக்குத்தான் பயப்பட வேண்டும். அழுகை நின்றதும் சமத்தாகத் தூங்குகிறது என்று நாம் நிம்மதி அடையும் நேரத்தில் அது கத்தத் தெம்பில்லாமல் ஓய்ந்திருக்கலாம்.

இந்தச் சூடேற்றும் வேலையைப் பிறந்த சில நிமிடங்களிலேயே தொடங்கச் சொல்வதற்குக் காரணம் சீம்பால். மனிதக் குழந்தைக்கு நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவிலேயே நஞ்சுக்கொடி வழியாக வந்துவிடும். நாயின் நஞ்சுக்கொடி அவ்வளவு தாராளம் இல்லை. 5 முதல் 10 சதவீதம்தான் கடந்து வரும். மிச்சம் எல்லாம் சீம்பாலில். அந்தப் பெரிய புரதங்களை முழுதாக உள்ளே விடும் வாசல் குட்டியின் குடலில் பிறந்தவுடன் அகலத் திறந்திருக்கிறது, மணிக்கு மணி ஒடுங்கி ஒரு நாளுக்குள் மூடிவிடுகிறது. முதல் சில மணி நேரத்தில் குடித்ததுதான் கணக்கு. குளிர்ந்த குடலோ எதையும் வாங்காது. எனவே உலர்த்தி, சூடாக்கி, உறிஞ்சும் தெம்பு வந்ததும் முதல் ஆளாக நோஞ்சானைத்தான் மடியில் பிடித்து விட வேண்டும். நேரம் தவறிவிட்டால், தடுப்பூசி போட்ட வளர்ந்த நாயின் ரத்த நீரைத் தோலுக்கடியில் செலுத்தும் வழி மருத்துவர்களிடம் இருக்கிறது.

பத்தில் ஒன்று ஏன் சிறுத்தது? கடைசியில் கரு தரித்தது, அதனால் வளர நாள் போதவில்லை என்று ஒரு விளக்கம் ஊரில் உலவுகிறது. நாய்க்கு அது பொருந்தாது. பெண்நாயின் முட்டைகள் பக்குவமாகாமலேயே வெளியே வந்து, இரண்டு மூன்று நாள் முதிர்ந்த பிறகுதான் கருவுறும். விந்தணுக்கள் பல நாட்கள் உயிரோடு காத்திருக்கும். எனவே எந்த நாளில் இணை சேர்ந்திருந்தாலும் எல்லாக் குட்டிகளும் கிட்டத்தட்ட ஒரே வயதுதான். வித்தியாசம் இடத்தில். நாயின் கருப்பை இரண்டு நீண்ட கொம்புகளாகப் பிரிந்தது, அதில் குட்டிகள் வரிசையாகப் பதிகின்றன. கூட்டம் அதிகமானால் சிலவற்றுக்கு நஞ்சுக்கொடி பரவ இடம் குறையும், ரத்தம் குறையும், எடை குறையும். பிறவிக் குறையும் காரணமாக இருக்கலாம். அதனால் முதல் வேலையாக நல்ல வெளிச்சத்தில் வாயைத் திறந்து மேலண்ணத்தைப் பாருங்கள். பிளவு இருந்தால் குடித்த பால் மூக்கு வழியாக வரும். அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம்.

வெளியே வந்த பிறகும் இடப் பிரச்சினை தொடர்கிறது. தாய்க்குப் பெரும்பாலும் எட்டு முதல் பத்துக் காம்புகள், அதில் பின்னங்கால் பக்கம் இருப்பவற்றில் பால் அதிகம். பன்றிக்குட்டிகளும் பூனைக்குட்டிகளும் ஆளுக்கொரு காம்பை உரிமையாக்கிக்கொள்ளும். நாய்க்குட்டிகளிடம் அந்த ஒழுங்கு கிடையாது, ஒவ்வொரு வேளையும் தள்ளுமுள்ளுதான். இருமடங்கு எடையுள்ள அண்ணன் தம்பிகளோடு முட்டி மோதியே நோஞ்சானின் சர்க்கரை கரைந்துவிடும். ஈரலில் அது சேர்த்து வைத்திருப்பது ஒரு நாளுக்குக்கூடக் காணாது.

நாய் வளர்ப்பில் பழுத்தவர்கள் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள், கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும். புட்டிப்பாலை நோஞ்சானுக்குக் கொடுக்காமல் கொழுத்த குட்டிகளுக்குக் கொடுப்பது! பெரியதுகளை அரை மணி நேரம் வேறு பெட்டிக்கு மாற்றிப் புட்டிப்பாலில் சமாதானப்படுத்திவிட்டு, தாயின் மடியைச் சின்னதற்கும் அதன் எடைக்குப் பக்கத்தில் இருப்பவற்றுக்கும் விட்டுவிடுவார்கள். தாய்ப்பால் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குப் போகிறது. பத்தையும் இப்படி இரண்டு பந்தியாகப் பிரித்தால் தாய்க்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கும்.

தாயிடம் பால் போதவில்லை என்றால்தான் நோஞ்சானுக்குப் புட்டிப்பால். அங்கே ஆவின் எந்த நிறப் பாக்கெட் என்ற கேள்வி வரும். நீலத்தில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. நாயின் பாலில் கொழுப்பு ஏறக்குறைய 9, புரதம் 7-8. எந்தப் பாக்கெட்டும் புரதத்தில் பாதியைக்கூட எட்டாது, பால் சர்க்கரை மட்டும் கூடுதல். அதனால்தான் பசும்பாலில் வளரும் குட்டி கழிந்துகொண்டே இருக்கிறது, எடையும் ஏறுவதில்லை. செல்லப்பிராணிக் கடைகளில் நாய்க்குட்டிகளுக்கென்றே பால் மாவு கிடைக்கிறது. மாவு அளவை டப்பாவில் சொன்னபடி கலக்க வேண்டும். கெட்டியாகக் கொடுத்தால் சீக்கிரம் தேறும் என்று கூட்டிக் கலக்கக் கூடாது.

எவ்வளவு கொடுப்பது? 100 கிராம் எடைக்கு ஒரு நாளைக்கு 20-25 கலோரி தேவை. நம் 200 கிராம் குட்டிக்கு 40-50. கலக்கிய பால் மில்லிக்கு ஒரு கலோரி என்று வைத்தால் 40-50 மில்லி. ஆனால் அதன் வயிறு ஒரு வேளைக்கு 8 மில்லிக்கு மேல் தாங்காது. சோர்ந்த குட்டி அதையும் முழுதாகக் குடிக்காது. ஆகவே இரண்டு மணிக்கொரு தடவை, நடுராத்திரியிலும். வீட்டில் முறை போட்டுக்கொண்டு விழிக்க வேண்டியதுதான், குறுக்கு வழி இல்லை.

குழந்தைக்குப் பாலாடையில் புகட்டிப் பழகிய கைகளுக்கு ஒரு எச்சரிக்கை. குட்டியை மல்லாக்கப் படுக்கவைத்துப் புகட்டக் கூடாது. துண்டின்மேல் குப்புற இருத்தி, தலையை லேசாக மட்டும் உயர்த்தி, மடியில் குடிப்பது போலவே குடிக்க விட வேண்டும். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்ட வேண்டும், ஒழுகக் கூடாது. உறிஞ்சவே முடியாத குட்டிக்கு மெல்லிய குழாய் வழியாக நேரே வயிற்றுக்குள் பால் செலுத்தலாம். மருத்துவர் பக்கத்தில் நின்று ஒரு முறை செய்து காட்டாமல் அதில் கை வைக்க வேண்டாம். குழாய் மூச்சுக்குழலுக்குள் போய்விட்டால் அவ்வளவுதான்.

குடித்து முடித்ததும் இன்னொரு வேலை. மூன்று வாரம் வரை குட்டிக்குத் தானாகச் சிறுநீர் கழிக்கத் தெரியாது. தாய் அடிவயிற்றை நக்கினால்தான் வரும். தாய் செய்யவில்லை என்றால் வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால் மெல்லத் தடவிவிட வேண்டும். பஞ்சில் படும் நிறத்தைப் பாருங்கள். கிட்டத்தட்ட தண்ணீர் மாதிரி இருந்தால் நல்லது. மஞ்சள் அடர்ந்திருந்தால் உடம்பில் நீர் வற்றுகிறது. ஈறைத் தொட்டால் பிசுபிசுவென்று ஒட்டுவதும் அதே அறிகுறி. பெரிய நாய்க்குச் செய்வது போலத் தோலை இழுத்துவிட்டுப் பார்க்கும் சோதனை குட்டியிடம் நம்பும்படி இருக்காது.

கத்திரி வெயிலில் பிறந்த குட்டிகளுக்குக் கவலை வேறு. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை மே மாதத்தில் தானாகவே 35ஐத் தாண்டும். பெரிய நாய் போல நாக்கை நீட்டி இரைத்துச் சூட்டைத் தணிக்கும் திறமை குட்டிக்கு இன்னும் வரவில்லை, சிறுநீரகமும் நீரை மிச்சம் பிடிக்காது. அப்போது பல்பும் பாட்டிலும் வேண்டாம். மின்விசிறியைச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்தால் காற்று குட்டிகள்மேல் நேராக அடிக்காமல் அறைக்குள் சுழலும்.

இவ்வளவையும் சரியாகச் செய்கிறோமா என்று சொல்லும் ஒரே கருவி கிச்சன் தராசு. காலையும் மாலையும் அதே நேரத்தில் எடை பார்த்து எழுதி வைக்க வேண்டும். முதல் நாளில் சற்றுக் குறையலாம். பிறகு நாளுக்கு 5 முதல் 10 சதவீதம் ஏற வேண்டும்; 200 கிராம் குட்டி என்றால் 10 முதல் 20 கிராம். ஒரு நாள் முழுக்க ஏறவில்லை என்றாலே தாமதிக்காமல் காட்டிவிடுங்கள். கொண்டுபோகும் வழியிலும் சூடு முக்கியம். 1903இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. வேளச்சேரியிலிருந்து ஏசி காரில் அங்கே போய்ச் சேர்வதற்குள் குட்டி சில்லிட்டிருக்கும். ஏசியை நிறுத்திவிட்டு, வெந்நீர் பாட்டிலோடு பெட்டியில் வைத்துக் கொண்டுபோங்கள். துவண்டு கிடந்தால் சூடேற்றிக்கொண்டே ஈறில் ஒரு சொட்டுக் குளுக்கோஸ் தண்ணீரைத் தடவலாம்.

எட்டுப் பத்து நாளில் பிறந்த எடை இரட்டித்துவிட்டால் பெரும் கண்டம் தாண்டியது. இரண்டு வாரத்தில் கண் திறக்கும். அதற்குள் நடுக்கமும் வந்திருக்கும், வெந்நீர் பாட்டிலைக் கொஞ்சம் கொஞ்சமாக விலக்கலாம். நாலாவது வாரத்தை ஒட்டித் தட்டில் கூழ் வைக்கத் தொடங்கும்போது மட்டும் நோஞ்சானுக்குத் தனித் தட்டு, தனி மூலை. பொதுத் தட்டில் வைத்தால் இது மோந்து பார்ப்பதற்குள் மற்ற ஒன்பதும் நக்கித் துடைத்திருக்கும்.