அப்போஸ்டேட்: விலகி நின்றவர் துரோகி ஆனது எப்படி?

யெகோவாவின் சாட்சிகள் என்ற கிறிஸ்தவ அமைப்பிலிருந்து வெளியே வந்தவர்கள் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டால் போதும், ஒரு சொல் கட்டாயம் காதில் விழும்: அப்போஸ்டேட். மதத்தை விட்டுப் போனவருக்கு ஆங்கிலத்தில் உள்ள பெயர் அது. சிலர் அதைச் சொல்லும்போதே குரல் தாழ்ந்துவிடும். சிலர் ‘ஆமாம், நான் அப்போஸ்டேட்தான், அதற்கென்ன?’ என்று பட்டம் வாங்கியதுபோல் சொல்லிக்கொள்வார்கள். ஒரே சொல் ஒருவருக்கு வசையாகவும் இன்னொருவருக்கு விருதாகவும் இருக்கிறது என்றால், அதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அந்த அமைப்பின் தமிழ் வெளியீடுகளில் விடை தயாராக இருக்கிறது: விசுவாச துரோகி. அகராதி புரட்டும் மொழிபெயர்ப்பாளரும் பெரும்பாலும் அதையே எடுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். அது சரியான சொல் அல்ல என்பது என் கட்சி. ஏன் என்று பார்க்க, முதலில் கிரேக்கத்துக்குப் போக வேண்டும்.

மூலச்சொல் அப்போஸ்தாசியா. இதில் ‘அப்போ’ என்பது நம் பேச்சுவழக்கு ‘அப்போ’ அல்ல. ‘விட்டு, அப்பால்’ என்று பொருள்படும் முன்னொட்டு. பின்பகுதி ‘நில்’ என்னும் வினையடியிலிருந்து வருவது. சேர்த்துப் பார்த்தால் ‘விட்டு விலகி நிற்றல்’. அவ்வளவுதான். விசுவாசமும் இல்லை, துரோகமும் இல்லை. அப்போஸ்தலர் என்ற சொல்லோடு இதற்கு உறவு உண்டா என்று கேட்பவர்கள் உண்டு. முன்னொட்டு மட்டும்தான் ஒன்று. அப்போஸ்தலர் ‘அனுப்பப்பட்டவர்’, இவர் ‘விலகி நின்றவர்’. வினையடி வேறு வேறு.

கிரேக்கர்கள் இந்தச் சொல் குடும்பத்தை முதலில் பயன்படுத்தியது மதத்துக்காக அல்ல, அரசியலுக்காக. கி.மு. 428-ல் மித்திலீனி நகரம் ஏதென்சின் கூட்டணியை விட்டு விலகியபோது, கிரேக்க வரலாற்றாசிரியர் துசிடிடீஸ் அந்த விலகலை ‘அப்போஸ்தாசிஸ்’ என்றே எழுதுகிறார். ஏதென்சுக்கு அது கலகம். மித்திலீனிக்காரர்களுக்கு அது விடுதலை. சொல் யார் வாயில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பொருள் சாயும் வழக்கம் அன்றே தொடங்கிவிட்டது.

இதே குடும்பத்தில் இன்னொரு சொல் இருக்கிறது, எனக்கு அதுதான் மிகவும் பிடித்தது: அப்போஸ்தாசியோன். தாலமிகள் ஆண்ட எகிப்தில், சொத்தை விற்றவர் ‘இனி இதில் எனக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை’ என்று எழுதிக்கொடுக்கும் ஆவணத்துக்கு அந்தப் பெயர் இருந்தது. நம் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் என்கிறோமே, கிட்டத்தட்ட அது. மத்தேயு 5:31-லும் இதே சொல் வருகிறது. அங்கே அது விவாகரத்துப் பத்திரம். பழைய தமிழ் வேதாகமம் அதைத் ‘தள்ளுதற்சீட்டு’ என்று அழகாக மொழிபெயர்த்திருக்கிறது.

சரி, அப்போஸ்தாசியா எப்போது துரோகமானது? புதிய ஏற்பாட்டில் இந்தப் பெயர்ச்சொல் இரண்டே இடங்களில்தான் வருகிறது. இரண்டையும் தமிழ் வேதாகமத்தில் அருகருகே வைத்துப் பாருங்கள்.

ஒன்று, 2 தெசலோனிக்கேயர் 2:3. இறுதிநாளுக்கு முன் நடக்கப்போவதாகப் பவுல் சொல்வது. தமிழில் அது ‘விசுவாச துரோகம்’. மற்றது, அப்போஸ்தலர் நடபடிகள் 21:21. புறஜாதிகள் நடுவே வாழும் யூதர்களை ‘மோசேயைவிட்டுப் பிரிந்துபோகும்படி’ ஒருவர் போதிக்கிறார் என்று எருசலேமில் பேச்சு அடிபடுகிறது. இந்தப் ‘பிரிந்துபோகும்படி’க்குக் கிரேக்க மூலத்தில் இருப்பதும் அதே அப்போஸ்தாசியாதான். அந்தக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர் யார் தெரியுமா? பவுலேதான்.

மற்றவர்கள் விலகினால் துரோகம், பவுல் விலகச் சொன்னதாகச் சொல்லப்பட்டால் வெறும் பிரிதல். மொழிபெயர்த்தவர்கள் வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை; அந்தந்த இடத்தின் தொனிக்கு ஏற்ற சொல்லைப் போட்டிருப்பார்கள். ஆனாலும் ‘பிரிந்துபோதல்’ என்ற நடுநிலையான தமிழ் அவர்கள் கையிலேயே இருந்திருக்கிறது.

பிற்காலக் கிறிஸ்தவ வரலாறு இந்தச் சொல்லை இன்னும் கறுப்பாக்கியது. கி.பி. 361 முதல் 363 வரை ரோமை ஆண்ட ஜூலியன், கிறிஸ்தவராக வளர்க்கப்பட்டுப் பழைய தெய்வங்களிடம் திரும்பியவர். அவர் பெயரோடு இந்த அடைமொழி இன்றுவரை ஒட்டிக்கொண்டிருக்கிறது. தன் கணக்கில் அவர் முன்னோர் வழிக்குத் திரும்பியவர். இடைக்கால இங்கிலாந்தில் மடத்தை விட்டு ஓடிய துறவிக்கும் இதுவே பெயர். அப்படி ஓடியவரைப் பிடித்துவர அரசரிடம் ஆணை வாங்கும் நடைமுறைகூட இருந்தது. துறவறத்தைத் துறந்தால் கைது.

நம் ஊரிலும் ஒரு கதை உண்டே. மருள்நீக்கியாராகப் பிறந்து, சமண மடத்தில் தருமசேனராகி, பிறகு சைவத்துக்குத் திரும்பியவர் அப்பர். சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தார்கள், நஞ்சு கொடுத்தார்கள், யானையை ஏவினார்கள், கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள் என்கிறது சைவ மரபு. நாம் அவரை நாவுக்கரசர் என்கிறோம். பாடலிபுத்திரத்து மடத்தில் அன்று அவரை என்னவென்று சொல்லியிருப்பார்கள்?

இப்போது தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். ‘விசுவாச துரோகி’யின் இரண்டு பாதிகளும் வடமொழியிலிருந்து வந்தவை. அது குறை இல்லை. இங்கே தனித்தமிழ்ப் பஞ்சாயத்து நடத்த நான் வரவில்லை. சிக்கல் வேறு. கிறிஸ்தவத் தமிழில் விசுவாசம் என்றால் கடவுள்மேல் வைக்கும் நம்பிக்கை. தெருத் தமிழில் விசுவாசம் என்றால் நன்றியுணர்வு, கீழ்ப்படிதல்: நாயின் விசுவாசம், எஜமான விசுவாசம், கட்சி விசுவாசி. துரோகமோ நம் காதில் எப்போதும் ஒரு ஆளுக்குச் செய்வது. குருத்துரோகம், நண்பனுக்குத் துரோகம், உப்பிட்டவருக்குத் துரோகம். ஆக ‘விசுவாச துரோகி’ என்று கேட்டதும் தமிழ் மனதில் எழும் படம், ஒரு கோட்பாட்டை ஏற்க மறுத்தவர் அல்ல. சோறு போட்ட வீட்டுக்குக் கேடு நினைத்தவர். ஆங்கில அப்போஸ்டேட்டில்கூட இவ்வளவு சூடு இல்லை. மொழிபெயர்ப்பில் வழக்கமாகக் காரம் குறையும் என்பார்கள், இங்கே கூடியிருக்கிறது.

இந்தக் காரம் நடைமுறையில் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு யெகோவாவின் சாட்சிகள் அமைப்பே நல்ல உதாரணம். சார்லஸ் டேஸ் ரசல் 1879-ல் தொடங்கிய பத்திரிகைதான் இன்று தமிழில் ‘காவற்கோபுரம்’ என்று வருவது. 1931-ல்தான் ‘யெகோவாவின் சாட்சிகள்’ என்ற பெயர் வந்தது. கடுமையான தவறு செய்து திருந்தாதவர் என்று மூப்பர்கள் முடிவு செய்தால் சபைநீக்கம். அதன்பிறகு மற்ற சாட்சிகள் அவரோடு பழக மாட்டார்கள். 1981-ல் பிடி இன்னும் இறுகியது: தானாக எழுதிக்கொடுத்து விலகியவரையும் சபைநீக்கம் செய்யப்பட்டவரைப் போலவே நடத்த வேண்டும் என்று காவற்கோபுரம் அறிவித்தது. நம் கிராமத்து மொழியில் சொன்னால் தள்ளிவைத்தல். ஊர்விலக்கு என்றால் என்னவென்று தமிழருக்கு விளக்க வேண்டியதில்லை.

அந்த விதிக்கு இரையானவர்களில் பலரும் அறிந்த பெயர் ரேமண்ட் ஃபிரான்ஸ். 1971 முதல் 1980 வரை அமைப்பின் உச்சியான ஆளும் குழுவில் இருந்தவர். அப்போதைய தலைவர் ஃபிரெடரிக் ஃபிரான்ஸின் சகோதரர் மகன். கொள்கை வேறுபாட்டால் பதவி விலகி அலபாமாவுக்குப் போனார். அங்கே அவருக்கு வேலையும் தங்க இடமும் கொடுத்தவர் 1981-ல் அமைப்பிலிருந்து எழுதிக்கொடுத்து விலகினார். அவரோடு ஃபிரான்ஸ் ஓர் உணவகத்தில் சாப்பிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் ஃபிரான்ஸும் சபைநீக்கம். ‘அப்படிப்பட்டவனுடனேகூடப் புசிக்கவுங்கூடாது’ என்ற 1 கொரிந்தியர் 5:11 இங்கே எழுத்துக்கு எழுத்து நிறைவேறியது. 1983-ல் அவர் தன் அனுபவத்தை நூலாக எழுதினார். அன்று முதல் 2010-ல் இறக்கும்வரை, இறந்த பிறகும், விசுவாச துரோகி என்றதும் சாட்சிகளுக்கு முதலில் நினைவுக்கு வரும் முகங்களில் ஒன்று அவருடையது.

வெளியே வந்தவர்கள் என்னதான் சொல்கிறார்கள்? இரத்தம் ஏற்ற மறுப்பதால் போகும் உயிர்கள், உலக முடிவு வரும் என்று 1975-ஐ ஒட்டி எழுப்பப்பட்ட எதிர்பார்ப்பு, பெற்ற பிள்ளையோடு பேசாத தாய். எல்லாவற்றையும்விட, குழந்தைகள்மீதான பாலியல் குற்றங்களை மூப்பர்கள் தங்களுக்குள்ளேயே விசாரித்து முடித்த விதம். இந்தக் கடைசிப் புகாரை வெறும் வன்மம் என்று தள்ள முடியாமல் போனது 2015-ல். ஆஸ்திரேலிய அரசு அமைத்த ராயல் ஆணையம் அமைப்பின் கோப்புகளை வரவழைத்துப் பார்த்தது. 1950-லிருந்து குற்றம் சாட்டப்பட்டவர்கள் 1,006 பேர் அவற்றில் இருந்தார்கள். ஒருவரைப் பற்றிக்கூட அமைப்பு காவல்துறைக்குச் சொல்லியிருக்கவில்லை. விலகியவர்கள் ஆண்டுக்கணக்கில் சொல்லிவந்தது இதைத்தான். ஆனால் உள்ளே இருந்தவர்கள் கேட்டிருக்க முடியாது, ஏனென்றால் சொல்பவர்கள் துரோகிகள்.

சொல்லின் வேலையே அங்கேதான் இருக்கிறது. 2011 ஜூலை காவற்கோபுரம் இப்படிப்பட்டவர்களை மனநோயாளிகள் என்றே எழுதியது. 1 தீமோத்தேயு 6-ஐ அதற்கு ஆதாரம் காட்டியது. நோயாளியிடம் வாதம் எதற்கு? விலகி இருந்தால் போதும்.

2024-ல் அமைப்பு கொஞ்சம் இறங்கி வந்தது. ‘சபைநீக்கம்’ என்பதற்கு ஆங்கிலத்தில் இருந்த பழைய சொல்லைக் கைவிட்டு, ‘சபையிலிருந்து விலக்கப்பட்டவர்’ என்று பொருள்படும் சொற்களுக்கு மாறியது. அப்படிப்பட்டவர் கூட்டத்துக்கு வந்தால் சுருக்கமாக ஒரு வணக்கம் சொல்லலாம் என்றும் அனுமதித்தது. ஆனால் ஒரு விலக்கு வைத்தது: விசுவாச துரோகிகளுக்கு இது பொருந்தாது. குடித்துக் கெட்டவருக்கு வணக்கம் கிடைக்கலாம், கேள்வி கேட்டவருக்குக் கிடையாது. அடைமொழி மாறினால் நடத்தை மாறும் என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். யாரோடு பழகுவது என்று முடிவு செய்யும் உரிமை ஒரு மதக்குழுவுக்கு உண்டு. சபைநீக்கம் ஒன்றை மறுபரிசீலனை செய்யத் தங்களுக்கு அதிகாரம் இல்லை என்று கனடா உச்ச நீதிமன்றம் 2018-ல் தீர்ப்பளித்ததும் இதே அமைப்பின் வழக்கில்தான். இவர்களே ஒடுக்கப்பட்டவர்களும்கூட: நாஜி முகாம்களில் ஊதா முக்கோணம் குத்தப்பட்டு அடைபட்டார்கள், 2017-ல் ரஷ்யா அமைப்பையே தடை செய்தது. விலகியவர் சொல்வதெல்லாம் வேதவாக்கும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு சமூகவியலாளர் பிரையன் வில்சன், விலகியவர்களின் சாட்சியத்தைத் தனியாக நம்ப முடியாது என்று வாதிட்டவர். அவர் கொஞ்சம் அதிகமாகவே சாய்ந்துவிட்டார் என்று நினைக்கிறேன். அந்த 1,006 கோப்புகள் என் பக்கம்.

சமூகவியலில் டேவிட் பிராம்லி செய்த பிரிப்பு இன்னும் பயனுள்ளது. சத்தமில்லாமல் விலகுபவர் ஒருவகை, உள்ளிருந்தே குட்டை உடைப்பவர் ஒருவகை, வெளியேறி எதிரணியில் சேர்ந்து போராடுபவர் ஒருவகை. கடைசி வகைக்கு மட்டும்தான் அவர் அப்போஸ்டேட் என்ற சொல்லை ஒதுக்குகிறார். தமிழிலும் இந்த மூவரையும் ஒரே கூடையில் போடக் கூடாது.

அப்படியானால் தமிழில் எது? கைவசம் இருப்பவற்றை ஒருமுறை தட்டிப் பார்க்கலாம். ‘மறுதலித்தவர்’ என்றால் சேவல் கூவுமுன் மூன்று தரம் மறுதலித்த பேதுருவின் பயம் கூடவே வரும். இவர்கள் பயந்து மறுத்தவர்கள் அல்லர். பெந்தெகொஸ்தே சபைகளில் புழங்கும் ‘பின்மாற்றக்காரர்’, பழைய பாவ வாழ்க்கைக்குத் திரும்பியவரைக் குறிப்பது. ‘மதம் மாறியவர்’ எங்கே போனார் என்பதைச் சொல்லும் சொல், எங்கிருந்து விலகினார் என்பதைச் சொல்வதில்லை. பலர் எங்கும் போவதே இல்லை. ‘துறந்தவர்’ நல்ல சொல்தான், ஆனால் சொன்னதும் காவி கட்டிவிடுகிறது. தமிழ் முஸ்லிம்களிடம் ‘முர்தத்’ உண்டு. அது அந்த மரபின் சட்டச் சொல், வெளியே எடுத்துவர முடியாது. ‘இரண்டகர்’ என்று தனித்தமிழாக்கினால் துரோகம் வேட்டி மாற்றிக்கொண்டு வந்ததுபோல் ஆகும்.

கிரேக்கம் சொன்னதையே தமிழும் எளிதாகச் சொல்கிறது: விலகியவர். நிலைப்பாடாகச் சொல்ல வேண்டுமென்றால் ‘விலகி நிற்பவர்’. செயலுக்கு ‘சமய விலகல்’, ‘சபை விலகல்’. ‘விலக்கப்பட்டவர்’ என்பதோடு குழப்பக் கூடாது: இவர் தானாக விலகியவர், அவரைச் சபை விலக்கியது. ஒரே வேர்ச்சொல், தன்வினையும் பிறவினையும் மட்டும் வேறு. இந்த நுட்பம் தமிழில் எழுத்து ஒன்று இரட்டிப்பதிலேயே கிடைத்துவிடுகிறது. ஆங்கிலத்துக்கு இரண்டு தனிச்சொற்கள் தேவைப்பட்டன. போராடுபவரைக் குறிக்க ‘விலகி எதிர்ப்பவர்’ போதும்.

அமைப்பின் கூற்றைச் செய்தியாகச் சொல்லும்போது மட்டும் பழைய சொல்லை மேற்கோள் குறிக்குள் வைத்துக்கொள்ளலாம்: ‘விசுவாச துரோகி’ என்று சபை அறிவித்தவர். அப்போது யார் சொன்னது என்பது வாக்கியத்திலேயே தெரியும்.