பருவகாலச் சீட்டு அல்ல, முழுத்தொடர்ச் சீட்டு

‘கூட்டம் சேர்க்கப் பருவகாலச் சீட்டு விலையைக் குறைத்த கால்பந்து கிளப்’ என்ற மாதிரி ஒரு தலைப்பை இந்த ஆண்டில் நாலைந்து முறை பார்த்துவிட்டேன். கடைசியாகப் பார்த்தபோது பக்கத்தில் என் அக்கா மகன் இருந்தான். பத்தாம் வகுப்பு. இங்கிலாந்து லீக் அணிகளின் பெயரெல்லாம் அவனுக்கு மனப்பாடம். தலைப்பைப் படித்துவிட்டுக் கேட்டான்: “பனி கொட்டுற மாசத்துல யாரும் வர மாட்டாங்கன்னு அப்ப மட்டும் விலையைக் குறைக்கிறாங்களா மாமா?”

அவன் மேல் ஒரு தவறும் இல்லை. ஆடித் தள்ளுபடி, பொங்கல் தள்ளுபடி என்று பார்த்து வளர்ந்த பிள்ளை. ‘பருவகாலம்’ என்றும் ‘விலைக் குறைப்பு’ என்றும் ஒரே வரியில் எழுதினால் அவனுக்கு வேறு எப்படிப் புரியும்? செய்தி சொல்வதற்கு நேர் எதிரான பொருளில் அவன் புரிந்துகொண்டான். அதற்குக் காரணம் ஒரு சொல்: ‘சீசன் டிக்கெட்’ என்பதற்குப் போட்ட ‘பருவகாலச் சீட்டு’. அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் பொருளைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் கால்பந்து லீக் ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் வரை நடக்கிறது. அந்த ஒன்பது பத்து மாதங்களில் ஓர் அணி தன் சொந்த மைதானத்தில் ஆடும் லீக் ஆட்டங்கள் அனைத்துக்கும் சேர்த்து முன்கூட்டியே பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கும் ஒரே சீட்டுதான் சீசன் டிக்கெட். பிரீமியர் லீக் என்றால் 19 ஆட்டங்கள், அதற்குக் கீழுள்ள மூன்று அடுக்குகளில் 23. பெரும்பாலும் ஓர் இருக்கையும் வாங்கியவருக்கென்று ஒதுக்கப்பட்டுவிடும். கோப்பைப் போட்டிகள் வழக்கமாக இதில் சேராது.

சொல்லின் வரலாறு சிறியது. லத்தீனில் ‘சாட்டியோ’ என்றால் விதைப்பு. அது பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய்ச் ‘சீசன்’ ஆயிற்று. விதைக்கும் காலம் என்பதிலிருந்து எந்தக் குறிப்பிட்ட காலத்துக்கும் பொதுப்பெயராக விரிந்தது. 1851இல் லண்டனில் நடந்த மாபெரும் பொருட்காட்சிக்கே சீசன் டிக்கெட் விற்றார்கள். ஆண்களுக்கு மூன்று கினி (அக்கால ஆங்கில நாணயம்), பெண்களுக்கு இரண்டு. மே முதல் அக்டோபர் வரை, காட்சி நடக்கும் நாளெல்லாம் போய்வரலாம். வெயிலுக்கும் குளிருக்கும் அந்தச் சீட்டோடு சம்பந்தமே இல்லை. ஒரு நிகழ்ச்சி தொடங்கி முடியும் வரை செல்லும் என்பதுதான் அதன் பொருள்.

இனி ‘பருவம்’. வடமொழிப் ‘பர்வன்’ என்பதிலிருந்து வந்தது என்பார் ஒருசாரார். பருத்தல் என்ற தமிழ் வேரைக் காட்டுவார் மறுசாரார். அந்த வழக்கு இங்கே வேண்டாம். என் நண்பர் ஒருவர், நல்ல தமிழறிஞர், இந்தச் சொல்லை விட்டுக்கொடுக்கவே மாட்டார். “சீசனுக்கு வேர் விதைப்பு என்கிறீர்கள். ‘பருவத்தே பயிர் செய்’ என்று நம் பாட்டி சொல்லவில்லையா? இதைவிடப் பொருத்தமான சொல் வேறு எது ஐயா?” என்று கேட்டார். கேட்க அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். வேர் பொருந்துகிறது, பயன்பாடு பொருந்தவில்லை என்பதுதான் என் முடிவு. ஆங்கிலச் சொல் விதைப்பை விட்டு எப்போதோ வெளியேறிவிட்டது. நம் பருவம் இன்னும் நிலத்திலும் வானத்திலும் உடம்பிலும்தான் நிற்கிறது. பருவமழை, பருவக்காற்று, பருவம் தப்பிய விதைப்பு, பருவம் அடைந்த பெண், பேதை முதல் பேரிளம்பெண் வரையுள்ள ஏழு பருவங்கள், பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்கள். இவற்றுள் எது வந்தாலும் இயற்கையாக வந்து போகும் ஒரு நிலை என்ற எண்ணமே முதலில் எழும். கல்லூரிக்காரர்கள் அரையாண்டுப் படிப்புக்குப் பருவம் என்று பெயர் வைத்தார்கள், அது நிலைத்தும்விட்டது. ஏன் நிலைத்தது? ‘பருவத் தேர்வு’ என்றால் உடனிருக்கும் ‘தேர்வு’ பொருளைக் கட்டிப்போடுகிறது. வானிலையை யாரும் நினைப்பதில்லை. ‘பருவகாலச் சீட்டு’ என்பதில் அப்படிக் கட்டிப்போட எதுவும் இல்லை. சீட்டு எதற்கானது என்றே அதில் சொல்லவில்லை. போதாக்குறைக்குக் ‘காலம்’ என்பதையும் ஒட்டிவிட்டார்கள். பருவகாலம் என்றாலே தமிழில் கோடை, மழை, பனிதான்.

அப்படியானால் ‘ஆட்டப்பருவச் சீட்டு’ என்று வைத்துக்கொள்ளலாமே என்றார் நண்பர். இது கொஞ்சம் மேல். 2007-08 சீசன் என்பதை 2007-08 ஆட்டப்பருவம் என்று எழுதினால் நான் ஏற்றுக்கொள்வேன். ஆனால் சீட்டுக்கு இது போதாது. ஒரே ஒரு ஆட்டத்துக்கு வாங்கும் சீட்டும் ஆட்டப்பருவத்துச் சீட்டுதானே? இந்தச் சீட்டின் உயிரே ‘எல்லா ஆட்டத்துக்கும்’ என்பதில் இருக்கிறது. எப்போது என்பதை மட்டும் சொல்லி, எத்தனை என்பதை விட்டுவிடும் பெயர் பாதிப் பெயர்தான்.

எத்தனை என்பது ஏன் இவ்வளவு முக்கியம்? பிராட்ஃபோர்டு சிட்டி என்ற கிளப்பின் கதையைப் பாருங்கள். 2001 வரை பிரீமியர் லீகில் இருந்த அணி. படிப்படியாகச் சரிந்து 2007இல் நான்காம் அடுக்குக்கு வந்து சேர்ந்தது. மைதானமோ 25 ஆயிரம் பேர் உட்காரக்கூடியது. சரிவின் கடைசி ஆண்டில் சராசரிக் கூட்டம் 10 ஆயிரத்தைக்கூடத் தொடவில்லை. பாதிக்கு மேல் காலி நாற்காலி. அந்தக் கோடையில் கிளப் ஒரு முடிவெடுத்தது. பெரியவர்களுக்கான சீசன் டிக்கெட் 138 பவுண்டு. 23 ஆட்டத்துக்கும் சேர்த்து! வகுத்துப் பாருங்கள், ஆட்டத்துக்குச் சரியாக 6 பவுண்டு. கீழ் அடுக்குக்கு இறங்கிய அணிக்கு அந்த ஆண்டு சராசரிக் கூட்டம் 13 ஆயிரத்தைத் தாண்டியது. 2015இல் 149 பவுண்டுக்கு விற்றார்கள். அது ஆட்டத்துக்கு ஆறரைப் பவுண்டுக்கும் குறைவு.

அந்த 2015-16இலேயே இன்னொன்றும் நடந்தது. லிவர்பூல் கிளப் தன் மைதானத்தின் புதிய பார்வையாளர் மாடத்தில் சில இருக்கைகளுக்கு ஓர் ஆட்டத்துக்கு 77 பவுண்டு வைக்கப்போவதாக அறிவித்தது. 2016 பிப்ரவரியில் ரசிகர்கள் ஆட்டத்தின் 77ஆவது நிமிடத்தில் ஆயிரக்கணக்கில் எழுந்து வெளியே நடந்தார்கள். உரிமையாளர்கள் சில நாளில் மன்னிப்புக் கேட்டுத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஒரு பக்கம் ஒரே ஆட்டத்துக்கு 77, இன்னொரு பக்கம் 23 ஆட்டத்துக்கு 149. இரண்டையும் ‘டிக்கெட் விலை’ என்று எழுதிவிட்டுப் போனால், அல்லது பின்னதைப் ‘பருவகால விலை’ என்று எழுதினால், படிப்பவர் கையில் என்ன மிஞ்சும்? இரண்டு எண்கள் மிஞ்சும். செய்தி மிஞ்சாது.

விலைக் குறைப்பின் தந்திரமும் அந்த ‘எல்லா ஆட்டத்துக்கும்’ என்பதில்தான் இருக்கிறது. கோடையில் ஆட்டமே நடக்காத மாதங்களில் கிளப்பின் கைக்கு ரொக்கம் வந்துவிடுகிறது. பணம் கட்டியவர் அணி தோற்றாலும் வருகிறார், ஜனவரிக் குளிரிலும் வருகிறார். கூடவே பிள்ளையைக் கூட்டிவருகிறார். காலி நாற்காலி ஒரு காசும் தராது. உட்கார்ந்தவர் தேநீரும் குடிப்பார், சத்தமும் போடுவார். அக்கா மகன் கேட்டானே, பனிக்காலத்தில் மட்டுமா என்று. பனிக்காலத்தைப் பொருட்படுத்தாமல் வரவைப்பதற்காகவே செய்யப்பட்ட சீட்டு இது. அதற்குப் போய்ப் பருவகாலம் என்று பெயர் வைத்திருக்கிறோம்.

பிற மொழிக்காரர்கள் என்ன செய்தார்கள்? டச்சுக்காரர்கள் ஆங்கிலத்தைப் போலவே சீசன் அட்டை என்ற பொருளில்தான் சொல்கிறார்கள். பிரெஞ்சில் ‘அபோன்மான்’, இத்தாலியத்தில் ‘அப்போனமென்ட்டோ’. இரண்டும் நாம் பத்திரிகைக்குக் கட்டும் சந்தா. ஜெர்மனியில் ‘டாவர்கார்ட்டே’, அதாவது நீடித்துச் செல்லும் அட்டை. டார்ட்மண்டு மைதானத்தில் இருக்கும் 81 ஆயிரம் இடத்தில் ஏறக்குறைய 55 ஆயிரம் இந்த அட்டைக்காரர்களுடையது. எனக்கு ஜெர்மானியர் வழிதான் பிடித்திருக்கிறது. அவர்கள் சொல்லைப் பார்க்கவில்லை, சீட்டு என்ன வேலை செய்கிறது என்று பார்த்திருக்கிறார்கள்.

‘சந்தா’வை நானும் எடைபோட்டேன். எல்லோருக்கும் புரியும், முன்பணம் என்ற கருத்தும் வருகிறது. ஆனால் சந்தா கட்டியவர் உறுப்பினர் என்ற எண்ணம் வரும். கிளப் உறுப்பினர் கட்டணம் என்று தனியே ஒன்று உண்டு, இரண்டும் குழம்பும். ‘ஆண்டுச் சீட்டு’ என்கிறார்கள் சிலர். ஆகஸ்டில் தொடங்கி மே மாதம் முடிவதை ஆண்டு என்றால் எந்த ஆண்டு என்ற கேள்வி வரும்.

என் பரிந்துரை ‘முழுத்தொடர்ச் சீட்டு’. தொடர் என்ற சொல்லை விளையாட்டுப் பக்கம் ஏற்கெனவே வளர்த்து வைத்திருக்கிறது. டெஸ்ட் தொடர், ஐ.எஸ்.எல். தொடர், லீக் தொடர் என்று டீக்கடையில்கூடப் பேசுகிறோம். தொடர்ந்து செல்லும் என்ற பொருளும் அதிலேயே கிடக்கிறது. முன்னே ‘முழு’ சேர்ந்ததும் எத்தனை ஆட்டம் என்ற கேள்விக்குப் பதில் வந்துவிடுகிறது. ஒரு சொல் நல்லதா என்று பார்க்க அதன் உறவுக்காரர்களை அழைத்துப் பார்க்க வேண்டும். டிசம்பர், ஜனவரி வாக்கில் பல கிளப்புகள் மிச்சமிருக்கும் பாதி ஆட்டங்களுக்குத் தனியே ஒரு சீட்டு விற்கும். அது ‘அரைத்தொடர்ச் சீட்டு’. யாருக்கும் விளக்க வேண்டாம். ‘அரைப்பருவச் சீட்டு’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கும் மறுக்கிறது, மனமும் மறுக்கிறது. ஹடர்ஸ்ஃபீல்டு டவுன் கிளப்பில் சீட்டு என்று சொல்லாமல் அட்டை என்பார்கள். அது ‘முழுத்தொடர் அட்டை’.

அந்த ஹடர்ஸ்ஃபீல்டின் கதையையும் சொல்ல வேண்டும். 1908இல் தொடங்கிய கிளப். நூற்றாண்டை ஒட்டி 2008-09 ஆட்டப்பருவத்துக்கு 100 பவுண்டுக்கு அட்டை கொடுத்தது. அன்று எடுத்து, அதன்பின் ஓர் ஆண்டுகூட விடாமல் புதுப்பித்து வருபவர்களுக்கு, அணி பிரீமியர் லீகுக்குப் போனால் அங்கேயும் 100 பவுண்டுதான் என்று தலைவர் டீன் ஹாய்ல் வாக்குக் கொடுத்திருந்தார். 2017இல் அணி போய்ச் சேர்ந்தது. வாக்கும் காப்பாற்றப்பட்டது. ‘தொடர்’ என்ற சொல்லின் இரண்டு பொருளும் அந்த ரசிகர்களிடம் ஒன்றாகச் சேர்ந்திருப்பதாகவே எனக்குப் படுகிறது.

ஒரு குறையை மறைக்கக் கூடாது. ‘முழு’ என்றால் வெளியூர் ஆட்டமும் சேருமோ என்று ஒருவர் கேட்கலாம். சேராது, சொந்த மைதான ஆட்டம் மட்டும்தான். ஆனால் ‘சீசன் டிக்கெட்’ என்ற ஆங்கிலப் பெயரும் இதைச் சொல்லவில்லை. செய்தியில் முதல்முறை வரும்போது ‘சொந்த மைதானத்தில் நடக்கும் 23 ஆட்டங்களுக்கும்’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது.

தனித்தமிழ் மேல் எனக்குப் பற்று உண்டு. ஆனாலும் புரியாத தமிழைவிடப் புரிகிற ‘சீசன் டிக்கெட்’ எவ்வளவோ மேல் என்பேன். செங்கல்பட்டிலிருந்து கடற்கரை வரை மின்சார ரயிலில் போய்வருகிறவர் “சீசன் எடுத்தாச்சா?” என்றுதான் கேட்பார். முன்பணம் கட்டி, குறிப்பிட்ட காலம் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் போய்வருவது என்று அவருக்குத் துல்லியமாகத் தெரியும். மார்கழிக் கச்சேரிக்குச் சபாவில் சீசன் டிக்கெட் வாங்குகிறவருக்கும் தெரியும். இலங்கையில் பேருந்துக்கும் ரயிலுக்கும் ‘பருவச்சீட்டு’ என்பது நாளும் புழங்கும் சொல். மாணவர்கள் கையில் பழகிய சொல்லை நான் பறிக்க வரவில்லை. அங்கே அது பயணத்தோடு கட்டுண்டு தெளிவாக நிற்கிறது. அந்தப் பழக்கம் இல்லாத வாசகருக்கு, பயணம் அல்லாத ஒன்றுக்கு அதைத் தூக்கிப் போடுவதுதான் தவறு.

இந்தத் தவறு தனியாகவும் வருவதில்லை. வீரர்களை வாங்கவும் விற்கவும் அனுமதிக்கப்பட்ட நாட்களைப் ‘பரிமாற்றச் சாளரம்’ என்று எழுதுகிறார்கள். யார் வீட்டுச் சாளரம்? ‘வீரர் மாற்றக் காலம்’ என்றால் போதாதா? சொந்த மைதானத்தில் நடக்கும் ஆட்டம் ‘வீட்டு ஆட்டம்’ ஆகிவிட்டது. ஒவ்வொரு சொல்லாக அகராதியில் எடுத்து வைத்துக்கொண்டே போனால் இப்படித்தான் ஆகும். மொழிபெயர்ப்பவர்களுக்கு நேரம் கொடுப்பதில்லை என்பதும் உண்மை. நானும் சில ஆண்டுகள் அந்த வேலை பார்த்தவன், பத்து நிமிடத்தில் முடி என்ற நெருக்கடி தெரியும். ஆனால் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு நிமிடம், இந்தச் சீட்டை வாங்கியவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார் என்று கேட்டால் போதும்.

இதே வழியில் இன்னொன்றும் தீர வேண்டியிருக்கிறது. இந்தச் சீட்டு வைத்திருப்பவர்களைப் ‘பருவகாலச் சீட்டுதாரர்’ என்று எழுதிவருகிறார்கள். ‘முழுத்தொடர்ச் சீட்டுதாரர்’ என்று மாற்றிப் பார்த்தேன். பொருள் சரி, ஆனால் பத்திரப்பதிவு வாசனை போகவில்லை. ‘தொடர் முழுவதற்கும் சீட்டு எடுத்தவர்கள்’ என்று இப்போதைக்கு எழுதுகிறேன். நாலு சொல்தான், அக்கா மகனிடம் படித்துக் காட்டினேன், மறுகேள்வி கேட்கவில்லை.