நேராக ஏறினால் சத்தமில்லை, சாய்வாக ஏறினால் 'லொடக்'

பதினைந்து வருஷம் ஓடிய என் காரில் இடப்பக்கம் ஒரு 'லொடக் லொடக்'. குண்டும் குழியுமான தெருவில் மெதுவாகப் போனால் மட்டும் வரும். பைபாஸில் ஏறியதும் காணாமல் போய்விடும். "ஷாக் அப்சார்பர் போச்சு சார்" என்றார் மெக்கானிக். இரண்டையும் மாற்றினோம். சத்தம் அப்படியே இருந்தது.

ஸ்பிரிங் ஆடுவது நம் காதில் விழாது. மேடுபள்ளத்தில் காரின் பாடி நொடிக்கு ஒன்றிரண்டு தடவை, சக்கரம் 10 முதல் 15 தடவை மேலும் கீழும் ஆடும். நம் காதுக்குக் கேட்கத் தொடங்குவதே நொடிக்கு சுமார் 20 அதிர்வுகளில்தான். 'லொடக்' என்பது வேறு விஷயம். இறுக்கமாக இருக்க வேண்டிய ஏதோ ஒரு மூட்டு தேய்ந்து, துளி இடைவெளி விழுந்து, இரும்பும் இரும்பும் மோதிக்கொள்கின்றன. அந்த அடி பாடிக்குப் பாய்ந்து தகடுகளை மத்தளம் போல அதிரவைக்கும். உருக்கில் ஒலி நொடிக்கு சுமார் 5000 மீட்டர் ஓடும், காற்றில் 340தான். சக்கரத்தருகே பிறந்த சத்தம் டேஷ்போர்டுக்குப் பின்னாலிருந்து வருவதாகத் தோன்றுவது இதனால்தான்: நாம் கேட்பது மூட்டை அல்ல, தகட்டை.

எனவே 'எங்கே' என்பதை விட்டுவிட்டு 'எப்போது' என்று பார்த்தேன். ஸ்பீடு பிரேக்கரில் நேராக ஏறினேன்; சத்தமில்லை. வண்டியைச் சாய்த்து, ஒரு சக்கரம் முதலில் ஏறும்படி போனேன். லொடக்!

உடனே சந்தேகம் ஸ்டெபிலைசர் பார் பக்கம் போனது. வளைவில் கார் சாயாமலிருக்க இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் உருக்குக் கம்பி அது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் கம்பி சும்மா சுழலும். ஒன்று மட்டும் ஏறினால் முறுக்கிக்கொள்ளும். அந்த விசை, கம்பியின் நுனியைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடு என்ற சின்னக் கம்பி வழியாகத்தான் போயாக வேண்டும்.

மெக்கானிக் அதையும் முன்பே ஆட்டிப் பார்த்திருந்தார், ஒரு பக்கம் மட்டும் ஜாக்கி போட்டு. ஒரு சக்கரம் தொங்கினால் பார் முறுக்கேறி லிங்க் ராடை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், ஆட்டம் தெரியவே தெரியாது. இந்தத் தடவை நான்கு சக்கரமும் தரையில் நிற்க, கீழே குழிக்குள் இறங்கி உலுக்கினார். விரலில் 'டிக்' என்று ஒரு துள்ளல். அதன் மூட்டை மூடியிருக்கும் ரப்பர் உறை (பூட்) கிழிந்து, கிரீஸ் இருக்க வேண்டிய இடத்தில் துருக்கலந்த சேறு.

எல்லாச் சத்தமும் லிங்க் ராடு அல்ல. நின்ற இடத்தில் ஸ்டீயரிங் திருப்பும்போது 'டொய்ங்' என்றால் ஷாக் அப்சார்பரின் மேல்முனையைப் பாடியில் தாங்கும் ஸ்ட்ரட் மவுண்ட் பேரிங்கைப் பார்க்கலாம். வெயிலில் 'கீச்', மழையில் காணோம் என்றால் பெரும்பாலும் மூட்டுகளுக்குள் மெத்தைபோல இருக்கும் ரப்பர் புஷ் காய்ந்திருக்கும். ஒட்டி, வழுக்கி, மறுபடி ஒட்டுவதால் வரும் சத்தம். தண்ணீர் பீய்ச்சினால் கொஞ்ச நேரம் அடங்கும். சக்கரத்தைப் பிடித்திருக்கும் பால் ஜாயின்டில் (குண்டு மூட்டில்) ஆட்டம் இருந்தால் மட்டும் வண்டியை எடுக்காதீர்கள், கழன்றால் சக்கரம் மடங்கிவிடும்.

லிங்க் ராடுக்குச் சில நூறு ரூபாய்தான் ஆனது. கழற்றிய ஷாக் அப்சார்பர்கள் இன்னும் டிக்கியில் கிடக்கின்றன, ஒரு சொட்டு ஆயில் கசியாமல்.